கந்தகம் தொட்ட கை

என் தங்கை நாகஜோதியைப் பெண் பார்க்க வந்த அன்று செல்லப்பாண்டி அவளைப் பார்த்ததைவிட எங்கள் வீட்டு மின்விசிறியைப் பார்த்த நேரம்தான் அதிகம். ஓடிக்கொண்டிருந்த விசிறியை நிறுத்தச் சொல்லிவிட்டு, கழுத்தைச் சாய்த்து இறக்கையின் வளைவைப் பார்த்தார். அதன் பிறகுதான் காப்பியைத் தொட்டார். கம்பம் மெயின் ரோட்டில் உரக்கடை வைத்திருப்பவன் நான், பெயர் பிச்சைமணி. நாளெல்லாம் விவசாயிகளின் முகத்தையே பார்க்கிற எனக்கு ஆள் தராதரம் தெரியாதா? இவர் சரிப்பட மாட்டார் என்று அம்மாவிடம் சொன்னேன். நாகஜோதி அடுப்படியிலிருந்தே பதில் சொன்னாள். "சுருளிப்பட்டியில ரெண்டு ஏக்கர் திராட்சை இருக்கு. குடிக்க மாட்டாக, பொய் பேச மாட்டாகன்னு ஊரே சொல்லுது. ஃபேனப் பாத்தா என்ன, கழட்டிக்கிட்டா போயிட்டாக?"

அது நடந்து இருபது வருஷம் ஆகிறது. அவருக்கு இப்போது நாற்பத்தாறு வயது. விசிறியைப் பார்த்த காரணம் கல்யாணம் முடிந்த பிறகுதான் தெரிந்தது. பதினெட்டு வயதில் விமானப்படைக்கு ஆள் எடுத்தபோது போயிருக்கிறார். ஓட்டம், எழுத்து, உயரம் எல்லாம் தேறிவிட்டது. கடைசியில் வண்ணப் புள்ளிகள் நிறைந்த ஒரு புத்தகத்தைக் காட்டி, உள்ளே என்ன எண் என்று கேட்டிருக்கிறார்கள். எண்ணே இல்லையே என்று இவர் சொல்லியிருக்கிறார். பச்சைக்கும் பழுப்புக்கும் தனக்கு வித்தியாசம் தெரியாது என்பதே அன்றுதான் அவருக்குத் தெரியும். திரும்பி பஸ் ஏறி வந்து மறுநாள் காலை தோட்டத்தில் கொடி வெட்டிவிடும் கவாத்து வேலைக்கு நின்றார். இதை அவர் சொல்லும்போது குரலில் வருத்தம் எதுவும் இருக்காது. கேட்கிற நமக்குத்தான் வருத்தமாக இருக்கும்.

இன்றைக்கும் குலை நிறம் ஏறிவிட்டதா என்று நாகஜோதிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். அவர் ஒரு பழத்தைப் பிய்த்து வாயில் போட்டுப் பார்ப்பார்.

விமான பொம்மை செய்கிற கிறுக்கு எப்போது தொடங்கியது என்று எனக்குச் சரியாக நினைவில்லை. முதலில் பெட்டியில் வருகிற பாகங்களை வாங்கி ஒட்டினார். அதற்கே நான் சிரித்தேன். பிறகு பெட்டியில் வராத விமானங்கள் வேண்டும் என்று தோன்றிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் இருந்த பழைய மாட்டுக்கொட்டகைக்குத் தரை போட்டு, நாலு சுவர் எழுப்பி, ஒரு மேசையைப் போட்டார். பிளாஸ்டிக் ஷீட்டைக் கத்தரித்து ஒட்டி, லாரிக்குப் பார்க்கிற பட்டியைப் பூசி, வாட்டர் பேப்பரால் தேய்த்து, ஒன்றுமில்லாததிலிருந்து ஒரு விமானத்தைக் கொண்டுவருவார். அப்படிச் செய்கிற முதல் உருவத்துக்கு மாஸ்டர் என்று பெயர். அதன்மேல் சிலிக்கான் ரப்பரை ஊற்றி அச்சு எடுத்து, அந்த அச்சில் ரெசின் ஊற்றினால் ஒன்று போலவே எத்தனை வேண்டுமானாலும் வார்க்கலாம்.

இந்த வார்ப்பு வேலையை அவர் முதன்முதலில் என்மேல்தான் பரிசோதித்தார். பத்தொன்பது வயதில் மாட்டுக்குச் சோளத்தட்டை வெட்டும் மெஷினில் என் வலது ஆள்காட்டி விரலின் மேல்கணு போய்விட்டது. என் இடது விரலை அச்செடுத்து, ரெசினில் ஒரு விரல்நுனி செய்து கொடுத்தார். நகமெல்லாம் அசல் மாதிரியே இருந்தது. மாட்டிக்கொண்டு கூடலூரில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். பந்தியில் ரசம் ஊற்றும்போது அது இலையில் விழுந்துவிட்டது. பரிமாறிய ஆள் வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். அன்றிலிருந்து நான் மொட்டை விரலோடுதான் இருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் கடையில் உட்கார்ந்து மாப்பிள்ளையைப் பற்றி நாலு பேரிடம் நக்கலாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். வேப்பம்புண்ணாக்கு வாங்க வந்திருந்த ஒரு பெரியவர், "என்ன பிளேன் செய்றாரு?" என்று கேட்டார். கோம்பைக்காரர், ராஜபாண்டி. எழுபத்தாறு வயது. விமானப்படையில் ஃபிட்டராக இருந்து வந்தவர் என்பது எனக்குத் தெரியும். ஜோத்பூரில் ஒன்பது வருஷம் மாருத் விமானத்தில் வேலை செய்தார் என்பது தெரியாது. மாருத் இந்தியாவிலேயே உருவாக்கிய முதல் போர் ஜெட். அதெல்லாம் பழைய கதை, இப்போது அது பறப்பதில்லை. புண்ணாக்கு மூட்டையைக் கடையிலேயே வைத்துவிட்டு அவர் சுருளிப்பட்டிக்குப் போனார். மூன்று நாள் கழித்துத்தான் மூட்டைக்கு ஆள் வந்தது.

அன்று அவர் கேட்டது ஒன்றுதான். அவரோடு ஒரே குழுவில் வேலை பார்த்தவர்கள் அவரையும் சேர்த்து ஏழு பேர் இருக்கிறார்கள். தை மாதக் கடைசி ஞாயிறன்று, அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம், பெங்களூரில் கூடுவதென்று முடிவு செய்திருந்தார்கள். ஆளுக்கு ஒரு மாருத் வேண்டும். "அதுக்கப்புறம் இன்னொரு தடவ ஏழு பேரும் சேர மாட்டோம்ப்பா" என்றாராம். செல்லப்பாண்டி சரி என்று சொல்லிவிட்டார். சரி என்றால் அவருக்குச் சரிதான்.

அந்த விமானம் பெங்களூரில் ஒரு மியூசியத்தில் நிற்கிறது. இவர் நாலு தடவை போனார். டேப்பை வைத்து அளக்க முதல் தடவையே காவலாளி விடவில்லை. அடுத்த தடவை திராட்சைக் கொடி கட்டுகிற சணலை இடுப்பில் சுற்றிக்கொண்டு போனார். விமானத்தோடு நின்று போட்டோ எடுப்பதுபோல் நாகஜோதியை நிற்க வைத்து, சணலைப் பிடித்துப் பிடித்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்து முடிச்சுக்கு முடிச்சு அளந்து, முப்பத்திரண்டால் வகுத்தார். ஒன்றரை அடிக்குக் கொஞ்சம் கூடுதலாக நீளம் வந்தது. அளவு சந்தேகமான இடங்களில் ராஜபாண்டி கையை விரித்துக் காட்டுவார். "இந்த மூடிக்குள்ள என் தோள் வரைக்கும்தான் போகும்" என்பார். அதையும் இவர் சணலால் அளந்துகொள்வார்.

மாஸ்டர் செய்யப் பதினான்கு மாதம் பிடித்தது. தையல் மெஷின் ஊசியை ஒரு கைப்பிடியில் சொருகி, தகடுகள் சேரும் கோடுகளை ஒவ்வொன்றாகக் கீறினார். உடம்பை இடது பாதி, வலது பாதி என்று இரண்டாகச் செய்தார். ஆணித்தலைகள்கூட இருந்தன. நான் குனிந்து பார்த்து, "இம்புட்டு வேலைக்கு ஒரு வீட்டக் கட்டியிருக்கலாம்" என்றேன். அவர் சிரித்தார். நன்றாகத்தான் இருந்தது. அதை நான் சொல்லவில்லை.

இப்போது கந்தகத்துக்கு வர வேண்டும். எங்கள் பக்கம் திராட்சைக்குப் பனிக்காலத்தில் சாம்பல் நோய் வரும். இலையிலும் காயிலும் மாவு தூவினாற்போல் படியும். விட்டால் காய் வெடித்துப் போகும். அதற்குக் கந்தகத் தூள் அடிப்போம். என் கடையில் அந்தப் பருவத்தில் அதிகமாகப் போகிற சரக்கு அதுதான். ஆனால் செல்லப்பாண்டி வாங்குகிற சிலிக்கான் ரப்பர் விலை கூடிய வகை. சுருங்காது, பல வார்ப்புக்குத் தாங்கும். அதற்கு ஆகாத ஒரே பொருள் கந்தகம். துளி பட்டாலும் பட்ட இடத்தில் ரப்பர் இறுகாமல் பிசினாகவே நின்றுவிடும்.

திராட்சைக்காரர் வீட்டில் கந்தகம் படாத இடம் எது? தலைமுடியில் இருக்கும், வேட்டியில் இருக்கும், கதவுத் தாழ்ப்பாளில் இருக்கும். அதனால் அச்சு ஊற்றுவதற்கு இரண்டு நாள் முன்பே அவர் தோட்டத்துக்குப் போவதை நிறுத்திவிடுவார். கொட்டகைக்கென்று தனி வேட்டி, தனிச் செருப்பு. கதவில் சாக்பீஸால் எழுதி வைத்திருந்தார்: 'கை கழுவிவிட்டு வரவும். சோப்புப் போட்டு மூன்று தடவை.' வீரபாண்டிக் கோயிலில்கூட இவ்வளவு ஆசாரம் கிடையாது என்று நான் கேலி செய்வேன்.

அச்சு ஊற்றுகிற நாள் மார்கழிக் கடைசியில் வந்தது. கூட இருந்து பிடிப்பது எப்போதும் நாகஜோதிதான். அன்று அவள் வேண்டுதல் என்று வீரபாண்டிக்குப் போக வேண்டியிருந்தது. அதனால் என்னை வரச் சொன்னார். நான் கிளம்புகிற நேரத்தில் கடையில் எலி கடித்த கந்தக மூட்டை ஒன்று ஒழுகிக்கொண்டிருந்தது. கடைப்பையனுக்குச் சொல்லிப் பயனில்லை என்று நானே வாயைச் சுருட்டிக் கட்டினேன். துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

கொட்டகை வாசலில் அவர் கேட்டார். "கை கழுவினீகளா மச்சான்?"

குழாய் இருபது எட்டு தூரத்தில்தான் இருந்தது. எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஊருக்கெல்லாம் மருந்து சொல்கிறவன் நான். ஐம்பத்திரண்டு வயதில் என்னைப் பார்த்து, பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேட்பதுபோல் கேட்கிறாரே என்று இருந்தது. "கழுவிட்டேன் மாப்ள" என்றேன்.

அவர் மறுபடி கேட்கவில்லை. இடது பாதியின் தட்டையான பக்கத்தில் பசை தடவி, பலகையில் வைத்தார். "நடுவுல நாலு வெரலையும் பரப்பி வச்சு அழுத்திக்கங்க. பசை பிடிக்கிற வரைக்கும் எடுத்துறாதீக." இரண்டு நிமிஷம் அழுத்தினேன். வலது பாதிக்கு அவரே அழுத்திக்கொண்டார். சுற்றிலும் சட்டம் அடித்து, டப்பாவுக்கு ஒன்றாக வருகிற ரப்பரின் இரண்டு பாகங்களையும் தராசில் நிறுத்துக் கலக்கி, ஒரு மூலையிலிருந்து நூலாக ஊற்றினார். வெளிர்நீல நிறத்தில் அது மெதுவாக ஏறி விமானத்தை மூடியது. பார்க்க அழகாக இருந்தது. டீ குடித்துவிட்டு நான் கடைக்குத் திரும்பினேன். பொய் சொன்னது அப்போது எனக்கு நினைவிலேயே இல்லை.

மறுநாள் மதியம் நாகஜோதி போன் செய்தாள். "அண்ணே, அச்சு கெட்டுப்போச்சாம். அவுக சாப்பிடாம உக்காந்திருக்காக. நீ வந்துட்டுப் போ."

போகிற வழியில்தான் எலி கடித்த மூட்டை நினைவுக்கு வந்தது. வண்டியைச் சுருளிப்பட்டிக்குத் திரும்பும் விலக்கில் நிறுத்தி வலது கையை மோந்து பார்த்தேன். காலையில் குளித்த கையில் என்ன வாசம் இருக்கும்? இருந்தாலும் எனக்கு இருப்பதுபோல் இருந்தது.

கொட்டகையில் வலது பாதியின் அச்சு நன்றாக வந்திருந்தது. இடது பாதியின் மாஸ்டர் மட்டும் மேசைமேல் கிடந்தது. இறுகாத ரப்பர் கோடுகளுக்குள் போய் ஒட்டிக்கொண்டதால், தின்னர் போட்டுத் துடைத்திருக்கிறார். தின்னர் பட்டியையும் சேர்த்துத் தின்றுவிட்டது. நடுப்பகுதி முழுக்கப் பள்ளம். கீறின கோடுகளும் ஆணித்தலைகளும் போய்விட்டன. கெட்ட அச்சை எங்கும் காணவில்லை.

"என்ன மாப்ள ஆச்சு?" என்றேன்.

"ரெண்டு பாகத்தையும் சரியாக் கலக்கல மச்சான். என் தப்புதான்."

உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது நிம்மதிதான். கந்தகம் இல்லை, கலவைதான். நான் இல்லை, அவர்தான். அந்த நிம்மதியை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று வாயைத் திறந்தேன். அன்றும் அடுத்த நாளும் வாய் மூடவில்லை. டீக்கடையில் நின்று, "ரெண்டு டப்பாவச் சரிபாதி கலக்கத் தெரியல, இவரு பிளேன் செய்றாராம்" என்றேன். நாலு பேர் சிரித்தார்கள். ராஜபாண்டி வந்தபோதும் செல்லப்பாண்டி அவரிடம் அதையேதான் சொன்னார், தன் கலவை தப்பு என்று. பெரியவர் மாஸ்டரைக் கையில் எடுத்துப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "நாள் இருக்குதாப்பா?" என்று மட்டும் கேட்டார்.

முப்பது நாள் இருந்தது. மாஸ்டரைத் திரும்பப் பூசிக் கீற வேண்டும். அச்சு எடுக்க வேண்டும். ஏழு விமானம் வார்த்து, ஒட்டி, தேய்த்து, பெயின்ட் அடிக்க வேண்டும். எப்படியாவது செய்துவிடலாம் என்று செல்லப்பாண்டி கணக்குப் போட்டிருந்தார். அந்த வாரம் பனி கூடி, தோட்டத்தில் மேற்கு வரிசைகளில் சாம்பல் நோய் தெரிந்தது. காய் மிளகு அளவில் இருந்தது. வாரத்துக்கு ஒரு தடவையாக நாலு தடவை தூள் அடித்தாக வேண்டும். எல்லாத் தோட்டத்திலும் ஒரே நேரத்தில் நோய் வந்ததால் ஆள் கிடைக்கவில்லை. இவர் அடித்தால் மேசையைத் தொட முடியாது. மேசையைத் தொட்டால் தோட்டத்தை விட வேண்டும்.

"தோட்டமா, பிளேனா? சொல்லுங்க" என்றாள் நாகஜோதி. கோபமாகக் கேட்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி என்பதால் கேட்டாள். வருஷத்துச் சாப்பாடு அந்தப் பந்தலில்தான் தொங்குகிறது. அவர் மாஸ்டரை எடுத்துத் துணியில் சுற்றினார். தோட்டம்தான் என்று முடிவு செய்துவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது.

"நான் அடிக்கிறேன்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள். கந்தகம் விற்று முப்பது வருஷம் ஆகிறதே தவிர, என் முதுகில் தூள் அடிக்கும் மெஷின் ஏறிப் பல காலம் ஆகிறது. "நீ இங்கன வந்து எப்படி அடிப்ப? இடுப்பு பிடிச்சுக்கிட்டா அண்ணி என்னையத்தான் ஏசுவாக" என்றாள் தங்கை. "அதெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

திராட்சைப் பந்தலுக்குக் கீழே அண்ணாந்துதான் தூள் அடிக்க வேண்டும். அடித்ததில் பாதி நம் மேலேயே விழும். காற்று எழுவதற்கு முன் காலை ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரைக்கு முடித்தேன். கண் எரிந்தது. கழுத்து திரும்பவில்லை. பல் இடுக்கெல்லாம் கந்தகம். நாலு திங்கட்கிழமையும் இதேதான். வீட்டுப் பக்கமே போகாமல் தோட்டத்து மோட்டாரில் குளித்துவிட்டு நேராகக் கடைக்குப் போவேன். ஊரில் பேச்சு கிளம்பிவிட்டது. மச்சான் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று டீக்கடையில் என் காதுபடவே சொன்னார்கள். முன்பு என்னோடு சேர்ந்து சிரித்த அதே நாலு பேர்தான். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டுக் கிளம்பினேன்.

செல்லப்பாண்டி பதினோரு நாளில் இடது பாதியைத் திரும்பச் செய்தார். இந்த முறை அச்சு பழுதில்லாமல் வந்தது. ஏழு உடம்பும் வார்த்தார். பச்சை எது, மண் நிறம் எது என்று நாகஜோதி சொல்லச் சொல்ல, டப்பாவின் மேல் எழுதி வைத்துக்கொண்டு பெயின்ட் அடித்தார். ஒன்றுக்குத்தான் நேரம் பற்றவில்லை. சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் கால்களும் செய்ய வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் பத்து நாளாவது வேண்டும். அதனால் பறக்கும் நிலையில், சக்கரத்தை உள்ளே மடக்கிக் கதவை மூடியது மாதிரி முடித்துவிட்டார். ஏழையும் ஐந்து கிலோ திராட்சைப் பெட்டிகளில் காகித நறுக்குப் போட்டுப் பொதிந்து கொடுத்தார். ராஜபாண்டி வெள்ளிக்கிழமை பெங்களூருக்குப் பஸ் ஏறினார்.

அடுத்த புதன்கிழமை திரும்பி வந்து, செல்லப்பாண்டி வீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னார். நானும் இருந்தேன். ஏழு பேரும் வந்திருந்தார்கள். பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தார்களாம். ஆளுக்கு ஒரு விமானத்தைத் தலைகீழாகத் திருப்பி, அவரவர் வேலை பார்த்த இடத்தைத் தேடினார்களாம். ஒருவர் வயிற்றுப் பக்கம் ஒரு மூடியைத் தொட்டு, "இங்கதான் என் கை முட்டித் தோலு எப்பவும் பேந்துரும்" என்றாராம்.

"வர்கீஸ்னு ஒருத்தர். கோட்டயத்துக்காரர்" என்றார் ராஜபாண்டி. "அவரு திருப்பித் திருப்பிப் பாத்தாரு. சக்கரம் எங்கன்னு கேட்டாரு. ஒன்பது வருசமும் அவருக்கு வேலை சக்கரத்துலதான். பறக்குற மாதிரி செஞ்சிருக்குன்னு சொன்னேன். நான் பறக்கும்போது பாத்ததே கொறச்சல், நின்னப்பத்தான் பாத்தேன்னு சொல்லிச் சிரிச்சாரு. பெறகு பெட்டிக்குள்ள வச்சுட்டாரு. மத்தவுக எல்லாம் மடியிலயே வச்சிருந்தோம்."

செல்லப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டார். "நேரம் பத்தல அய்யா. மொத அச்சு நல்லா வந்திருந்தா சக்கரம் வச்சிருப்பேன்."

"விடுப்பா. கலவை தப்புறது எல்லாருக்கும் உள்ளதுதான்" என்றார் பெரியவர்.

நாகஜோதி காப்பி கொண்டுவந்தாள். "எங்கண்ணன் மட்டும் இல்லைன்னா இதுகூட நடந்திருக்காது அய்யா. நாலு வாரமும் அதுதான் வந்து தூள் அடிச்சுச்சு" என்றாள். பெரியவர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வலது கை. எனக்கு அந்த இடத்தில் இருக்க முடியவில்லை. வெயிலாக இருக்கிறது என்று ஏதோ சொல்லிவிட்டுப் பின்பக்கம் போனேன்.

கொட்டகை திறந்திருந்தது. உள்ளே போய் எதையும் தொடாமல் நின்றேன். மேல் தட்டில் வெளிர்நீலமாக ஒன்று தெரிந்தது. நல்ல அச்சுகள் இரண்டும் கீழே மேசையில் இருந்தன. இது மூன்றாவது. சன்னல் வெளிச்சம் அதன் மேல் விழுந்தது. ரப்பர் முழுக்க மங்கலாக இறுகியிருந்தது. நடுவில் மட்டும் பளபளவென்று, இன்னும் ஈரமாக இருப்பதுபோல், நாலு விரல் தடம். மூன்று விரல்கள் விமானத்தின் உடம்பை முழுக்கத் தாண்டியிருந்தன. ஆள்காட்டி விரல் பாதியில் நின்றிருந்தது.

பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"அன்னைக்கே தெரியுமா மாப்ள?"

"அச்ச உரிச்ச ஒடனே தெரியும் மச்சான்."

"கழுவல மாப்ள. கழுவிட்டேன்னு பொய்தான் சொன்னேன்." அதைச் சொல்ல எனக்கு அவ்வளவு பாடாக இருந்தது. "பெறகு எதுக்குக் கலவை தப்புன்னு எல்லார்கிட்டயும் சொன்னீக? அந்தப் பெரியவர்கிட்டக்கூட. நான் டீக்கடையில ஒங்களப் பேசாத பேச்சா?"

அவர் மேசையில் எதையோ தேடிக்கொண்டே பதில் சொன்னார். "நெசத்தச் சொல்லியிருந்தா நீக கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பீக. ஆறு மாசத்துக்கு இங்கன எட்டிப் பாத்திருக்க மாட்டீக. பனி எறங்குற நேரம், தூள் அடிக்க எனக்கு ஆளு வேணாமா?"

எனக்குக் கோபம் வந்தது. வந்த கோபத்துக்குப் போக்கிடம் இல்லை. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. நான் அப்படித்தான் போயிருப்பேன். பொய் சொன்னது நான் என்றாலும் போயிருப்பேன். சணலில் முடிச்சுப் போட்டு விமானத்தை அளந்த மனுஷன் என்னையும் சத்தமில்லாமல் அளந்து வைத்திருக்கிறார். இருபது வருஷத்தில் அவர் சொன்ன ஒரே பொய் எனக்காகச் சொன்னது. அதை வைத்துத்தான் நான் அவரைப் பார்த்து ஊரைச் சிரிக்க வைத்தேன். வெட்கமாக இருந்தது.

"அதத் தூக்கிப் போட்டிருக்கலாம்ல" என்றேன்.

"எதுக்கு? வெரலோட அளவு இப்பத்தான் சரியாக் கெடச்சிருக்கு. அடுத்த தடவ ரசத்துல விழுகாது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் தேடிய பொருள் கிடைத்துவிட்டது. சுண்டுவிரல் நகம் அளவில் பிளாஸ்டிக்கில் ஒரு சக்கரம். டயரின் வரிகூடக் கீறியிருந்தார். பக்கத்தில் பாதி முடிந்த கால் ஒன்றும் இருந்தது.

"அய்யா பெங்களூருக்குப் பஸ் ஏறுன அன்னைக்கே தொடங்கிட்டேன்" என்றார். "மனசு கேக்கல. வர்கீஸ் சாருக்கு மட்டும் இன்னொரு பிளேன் வார்த்து, கதவத் திறந்த மாதிரி மாத்தி ஒட்டிக் குடுத்துறலாம். குமுளி ஏறுனா கோட்டயம் பஸ்ஸுதான்."

"நானே கொண்டு போய்க் குடுக்குறேன். ஏன் லேட்டாச்சுன்னும் நானே சொல்லிக்கிறேன்."

அவர் தலையாட்டினார். அச்சு எடுக்க, சக்கரத்தின் அடியில் பசை தடவிப் பலகையில் வைத்தார். "அழுத்திப் பிடிக்கணும். நாகஜோதி உள்ள வேலையா இருக்கு" என்று என்னைப் பார்த்தவர், வழக்கம்போல் கேட்டார்.

"கை கழுவினீகளா மச்சான்?"

"இல்ல மாப்ள" என்றேன்.

குழாயடிக்குப் போனேன். சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவினேன், மொட்டை விரலின் இடுக்கையும் விடாமல். திரும்பி வந்து சக்கரத்தின் மேல் விரலை வைத்து அழுத்தினேன். போதும் என்று அவர் சொல்லும் வரை எடுக்கவில்லை.